640 யூனிட் பில்லை 450-க்குள் இறக்குவது எப்படி? (மலேசியா, சுங்கை சிப்புட் – தாமான் குடியிருப்பு வீடு, கடை, பட்டறை)

#1 கிராணி_தம்பி
வணக்கம். ஒற்றை மாடி வரிசை வீடு, நாலு பேர். கடைசி மூன்று பில்லும் 630-க்கும் 650-க்கும் நடுவில்தான். உள்ள சாமான்: 1 குதிரைசக்தி ஏர்கோன் ரெண்டு (ஏசி, பழசு, இன்வெர்ட்டர் இல்லை, ராத்திரி 10 முதல் காலை 6 வரை, 22 டிகிரி), குளிப்பறையில் 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டர், ரெண்டு கதவு ஐஸ்பெட்டி, காத்தாடி நாலு, நாலடி டியூப் ஆறு, வெந்நீர்க் குடுவை 24 மணி நேரமும் பிளக்கில், டிவி, டிகோடர், ரவுட்டர், துணி மெஷின்.

ஏர்கோன் ரெண்டையும் மாற்றிவிடு என்கிறார்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பெட்டி விற்கிறார்கள், பிளக்கில் செருகினாலே 30 விழுக்காடு குறையுமாம். எதிலிருந்து தொடங்குவது?

#2 லயத்து_நிலா
எதையும் வாங்குவதற்கு முன் பில்லைப் படியுங்கள் தம்பி. 2025 ஜூலை 1 முதல் கணக்கே வேறு. முதல் 200 யூனிட் 21.8 சென் என்ற பழைய படிக்கட்டு போய்விட்டது. இப்போது வீட்டுக்கு எரிசக்தி 27.03, திறன் 4.55, கம்பிவலை 12.85, மொத்தம் யூனிட்டுக்கு 44.43 சென் (மாதம் 1500 யூனிட் வரை). அதிலிருந்து "இன்சென்டிஃப் செக்காப் தெனாகா" (எரிசக்தி சிக்கன ஊக்கத்தொகை) என்ற வரியில் தள்ளுபடி கழியும். விளையாட்டு முழுக்க அந்த வரியில்தான்.

200 வரை 25 சென் தள்ளுபடி. 250-க்குள் 24.5. 300-க்குள் 22.5. 350-க்குள் 21. 400-க்குள் 17. 450-க்குள் 14.5. 500-க்குள் 12. 550-க்குள் 10.5. 600-க்குள் 9. 650-க்குள் 7.5. அப்படியே தேய்ந்து 1000-க்கு மேல் ஒன்றுமில்லை.

600 தாண்டியதும் இன்னும் மூன்று சேரும்: மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) சில்லறைக் கட்டணம், எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் ஏ.எஃப்.ஏ., 600-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டும் 8 விழுக்காடு சேவை வரி. நீங்கள் நிற்கும் இடம் சரியாக அந்தக் குழிக்குள்.

#3 பழைய_ரப்பர்
தள்ளுபடி அந்தந்தப் படியில் உள்ள யூனிட்டுக்கு மட்டும்தானே அம்மா? 640-ல் முதல் 200-க்கு 25 சென் கிடைக்கும், மிச்சத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பழைய கணக்கு அப்படித்தானே இருந்தது.

#4 லயத்து_நிலா
இல்லை ஐயா, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மொத்த யூனிட் எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படியின் தள்ளுபடிதான் *எல்லா* யூனிட்டுக்கும். போட்டுப் பாருங்கள்:

350 யூனிட்: 155.51 கழித்தல் 73.50 = 82.01 வெள்ளி.
351 யூனிட்: 155.95 கழித்தல் 59.67 = 96.28 வெள்ளி.

ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளி 27 சென். ஒரு கெண்டித் தண்ணீரை எட்டுத் தடவை கொதிக்கவைத்தால் ஆகும் கரண்டு அது.

தம்பியின் 640-க்கு: 284.35 கழித்தல் 48.00, கூட்டல் 10 = 246.35 (ஏ.எஃப்.ஏ., வரி தனி). 600 என்றால் 212.58. 550 என்றால் 186.62. 500 என்றால் 162.15. 450 என்றால் 134.69. யூனிட்டில் 30 விழுக்காடு குறைத்தால் காசில் 45 விழுக்காடு குறைகிறது. 300-க்கு மேல் போகிறவர்களுக்கு 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியும் உண்டு. அது எல்லாருக்கும் ஒரே விகிதம், அதனால் இங்கே விட்டுவிட்டேன்.

450-ஐக் குறி வையுங்கள். 30 நாள் பில் என்றால் நாளைக்கு 15 யூனிட். மீட்டர் படித்த தேதியிலிருந்து வாரம் ஒருமுறை எண்ணைக் குறித்து நாளால் வகுத்தால் போதும். ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்ட வீடு என்றால் கைப்பேசிச் செயலியிலேயே நாள்வாரியாகத் தெரியும்.

#5 வயர்மேன்_மாமா
நிலா சொன்ன கணக்கு சரி. இப்ப கரண்டு எங்க போகுதுன்னு பாக்கணும். கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விப் பிடிச்சு ஆம்பியர் பாக்கறது) எல்லாம் வேண்டாம், வாசல்ல இருக்கற தெனாகா மின்வாரிய மீட்டரே போதும்.

மீட்டர் முகத்துல சின்ன சிவப்பு விளக்கு ஒண்ணு மினுக்கும். பக்கத்துல 1000 இம்ப், 1600 இம்ப், அந்த மாதிரி எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்குன்னு அர்த்தம். ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் எத்தனை நொடின்னு கைப்பேசியில பிடிங்க. 36,00,000-ஐ இம்ப் எண்ணாலயும் நொடியாலயும் வகுத்தா அந்த நேரத்துல ஓடுற வாட். 1000 இம்ப் மீட்டர்ல 12 நொடின்னா 300 வாட். வேகமா மினுக்கினா பத்து மினுக்குக்கு நேரம் பிடிச்சு பத்தால வகுங்க, கை தடுமாறாது.

முதல்ல ராத்திரி எல்லாத்தையும் அணைச்சுட்டு, ஐஸ்பெட்டி மட்டும் வச்சுப் பாருங்க. அப்புறம் ஃபியூஸ் பெட்டியில இருக்கற குட்டி சுவிட்சுகளை (எம்.சி.பி.) ஒண்ணொண்ணா இறக்குங்க. ஐஸ்பெட்டியையும் பிடுங்கியாச்சு, ஆனா இன்னும் மினுக்குதுன்னா எங்கேயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. தோட்டத்துப் பக்கம் பம்பு, கேட்டு மோட்டார், மறந்துபோன சாமி ரூம் விளக்கு, இதுதான் வழக்கமா சிக்கும்.

#6 கிராணி_தம்பி
பார்த்தேன் அண்ணே. 1000 இம்ப். ஐஸ்பெட்டி ஓடும்போது 26 நொடி. அதைப் பிடுங்கினால் 45 நொடி. வெந்நீர்க் குடுவையையும் பிடுங்கினால் 100 நொடிக்கு மேல்.

#7 வயர்மேன்_மாமா
அப்ப ஐஸ்பெட்டி கம்ப்ரசர் ஓடும்போது 58 வாட், சரியான அளவு, ஒண்ணும் குறை சொல்ல முடியாது. குடுவை 40 வாட்டுக்கும் மேல. 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட், மாசம் 30. சாதா கெண்டியில தேவைக்குப் போட்டுக் காய்ச்சி நல்ல ஃபிளாஸ்க்குல ஊத்தி வச்சா 10 யூனிட்டுல முடியும். மிச்சம் 35 வாட் டிகோடரும் ரவுட்டரும். டிகோடர் ரிமோட்ல அணைச்சாலும் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், சுவிட்சுல அணைங்க.

#8 லயத்து_நிலா
குடுவை 20 யூனிட் மிச்சம், நல்ல தொடக்கம். ஆனால் பெரிய மீன் ஹீட்டரும் ஏர்கோனும். சூடாக்குவதும் குளிராக்குவதும்தான் கரண்டைத் தின்னும், சுற்றுவதும் எரிவதும் அதற்கு அடுத்தது.

ஹீட்டரில் 3.6 கிலோவாட் என்று எழுதியிருப்பது உச்ச அளவு. உண்மையில் செலவாவது தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது, எத்தனை டிகிரி ஏற்றுகிறோம் என்ற ரெண்டைப் பொறுத்தது. நம்மூர்க் குழாய்த் தண்ணீர் 27, 28 டிகிரி. அதை 10 டிகிரி ஏற்றி, நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் 2.8 கிலோவாட். 8 டிகிரி மட்டும் ஏற்றி, 3 லிட்டர் விட்டால் 1.7 கிலோவாட். நாலு பேர், நாளைக்கு ரெண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம்: முதல் கணக்கில் மாதம் 112 யூனிட், ரெண்டாவதில் 67. ஒருவர் குளியலும் குறையவில்லை, 45 யூனிட் போய்விட்டது.

வேகத்தை அளக்க ஒரு லிட்டர் புட்டியைப் பிடியுங்கள், 20 நொடியில் நிறைந்தால் 3 லிட்டர்.

#9 வயர்மேன்_மாமா
ஒண்ணு சேக்கணும். வால்வை ரொம்பத் திருகினா உள்ள இருக்கற ஃப்ளோ சுவிட்ச் வெட்டிடும், தண்ணி திடீர்னு சூடே இல்லாம வரும். உடனே எல்லாரும் "ஹீட்டர் கெட்டுப்போச்சு"ன்னு குமிழை முழுசாத் திருகுவாங்க. அதுக்கு முன்னாடி ஹீட்டருக்குள்ள தண்ணி ஏறுற வாயில இருக்கற சின்ன வலையைக் கழட்டிக் கழுவுங்க. தாமான்ல குழாய் உடைஞ்சு சரிபண்ணின மறுநாள் அதுல செம்மண் அடைச்சிருக்கும்.

வலையைக் கழட்டும்போது எம்.சி.பி. இறக்கியிருக்கணும். மாசம் ஒருமுறை ஹீட்டர்ல இருக்கற டெஸ்ட் பொத்தானை அமுக்குங்க, டக்குன்னு விழணும். விழலைன்னா மிச்சம் பிடிக்கறதப்பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல அதை மாத்துங்க.

#10 பழைய_ரப்பர்
வாளியும் செம்பும் என்ன பாவம் செய்தன? பிள்ளைகளுக்கு ஒரு கெண்டி வெந்நீரை 12 லிட்டர் வாளியில் கலந்தால் முடிந்தது.

#11 லயத்து_நிலா
பாவம் ஒன்றும் செய்யவில்லை ஐயா, கணக்கும் உங்கள் பக்கம்தான். 12 லிட்டரை 10 டிகிரி ஏற்ற 0.14 யூனிட். ஷவரில் பத்து நிமிடம் 40 லிட்டர், 0.47 யூனிட். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கெண்டி ஏந்திப் பிள்ளைகள் குளிப்பறைக்குள் நடக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

#12 ஏர்கோன்_ராசா
ஏர்கோன் விஷயத்துக்கு வரேன். 1 குதிரைசக்தி சாதா மெஷின் கம்ப்ரசர் ஓடும்போது 850 வாட் பக்கம் இழுக்கும். எட்டு மணி நேரத்துல மூணுல ரெண்டு பங்கு நேரம் ஓடுதுன்னு வச்சா ராத்திரிக்கு 4.5 யூனிட், மாசம் 135. ரெண்டு மெஷின் 270. தம்பி பில்லுல நாப்பது விழுக்காடு இதுதான்.

22 வேண்டாம். 26 வச்சுட்டு மேல காத்தாடியை 2-ல ஓட விடுங்க, உடம்புக்கு 23 மாதிரி இருக்கும். ஒரு டிகிரிக்கு அஞ்சு விழுக்காடு மாதிரி குறையும். டைமரை 4.30-க்கு அணையுற மாதிரி வைங்க. ஈரமும் சூடும் திரும்ப அறைக்குள்ள ஏற ஒண்ணரை மணி நேரம் ஆகும், காத்தாடி ஓடினா யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. இந்த ரெண்டும் சேந்து ஒரு மெஷினுக்கு மாசம் 47 யூனிட் போல மிச்சம். காசு செலவு இல்ல.

ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழுவுங்க. எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரம், லாரி ரோட்டு ஓரம்னா வாரம் ஒருக்கா. வெளிப்பெட்டிக்குப் பின்னால ஒரு சாண் இடம் வேணும். அதுக்கு முன்னால துணி காயப் போடறது, தகரக் கூரை சூட்டுக்கு நேரா மேல மாட்டறது, ரெண்டும் கரண்டு பில்லைத் தானா ஏத்தற வேலை.

#13 கிராணி_தம்பி
ராசா அண்ணே, கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும் என்றால் அணைக்கலாமா? திரும்பப் போட்டால் "ஸ்டார்ட்" எடுக்க அதிகக் கரண்டு போகும் என்கிறார்களே.

#14 ஏர்கோன்_ராசா
ஸ்டார்ட் ஆகற கரண்டு ஒரு நொடிகூட இருக்காது, யூனிட் கணக்குல அது தூசு. அறைக்குள்ள சூடு ஏறுறது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அணைச்சு வச்சா அந்த வித்தியாசம் குறையும், குறைஞ்சா சூடும் கம்மியாத்தான் ஏறும். அதனால ஒரு மணி நேரம்னா கண்ணை மூடிக்கிட்டு அணைங்க. இன்வெர்ட்டர்ல அரை மணிக்குள்ள வரீங்கன்னா விட்டுடலாம், வித்தியாசம் சொல்லிக்கற அளவுக்கு இருக்காது.

இன்னொண்ணு. "கேஸ் முடிஞ்சிருச்சு, ஏத்தணும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகற சாமான் இல்ல. குறைஞ்சிருக்குன்னா ஓட்டை இருக்கு. மெல்லிசான குழாய்ல பனி பிடிச்சிருக்கா பாருங்க. ஃபில்டர் கழுவின பிறகும் பனி பிடிச்சா, வெளிப்பெட்டியில குழாய் சேர்ற பித்தளை நட்டுல விரல் வச்சுத் தடவுங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா கசிவு அங்கதான். அந்த நட்டை முறுக்காம, இல்ல குழாய் வாயைத் திரும்ப விரிச்சு மாட்டாம மேல மேல கேஸ் ஏத்தினா ஆறு மாசத்துல அதே கதை. அதுவரைக்கும் கம்ப்ரசர் நிக்காம ஓடி பில்லைத் தின்னும். புது மெஷின்ல இருக்கறது ஆர்32 கேஸ், தீப்பிடிக்கக்கூடியது. வாக்குவம் பம்பு போட்டுக் குழாய்க் காத்தை உறிஞ்சாம, கேஸாலயே "ஊதி வெளியேத்தற" ஆளை வீட்டுக்குள்ள விடாதீங்க.

#15 வயர்மேன்_மாமா
தம்பி கேட்ட பாசார் மாலாம் பெட்டி. உள்ளுக்குள்ள ஒரு கண்டென்சர் (கெப்பாசிட்டர்), ஒரு எல்.இ.டி. விளக்கு, அவ்வளவுதான். 5 மைக்ரோஃபேரட் கண்டென்சர் 230 வோல்ட்டுல 0.36 ஆம்பியர் எதிர்ப்பக்கமா இழுக்கும். விக்கறவன் மோட்டார் ஓடுற வயர்ல கிளாம்ப் மீட்டர் போட்டு "பாருங்க ஆம்பியர் குறையுது"ன்னு காட்டுவான். பொய் இல்ல, ஆம்பியர் குறையும். ஆனா வீட்டு மீட்டர் ஆம்பியரை எண்ணாது, வாட்டை எண்ணும். வாட் அப்படியே இருக்கும். பெட்டியில எரியற சின்ன விளக்குக்கு உங்க பில்லுல கொஞ்சம் கூடும், அதுதான் மிச்சம்.

சந்தேகமா இருந்தா #5-ல சொன்ன மினுக்குக் கணக்கையே பெட்டி செருகியும் செருகாமலும் பிடிச்சுப் பாருங்க.

#16 பட்டறைக்காரன்
மாமா சொன்னது வீட்டுக்குச் சரி. பட்டறை, சின்னத் தொழிற்சாலைக்கு அதே கண்டென்சர் வேறு கதை. பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையான வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) 0.85-க்குக் கீழே போனால், 0.75 வரை ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1.5 விழுக்காடு கூடுதல் கட்டணம் விழும். 0.80 என்றால் 7.5 விழுக்காடு. வெல்டிங் செட், பாதிச் சுமையில் ஓடும் பழைய மோட்டார், இவைதான் காரணம்.

கணக்கு: 20 கிலோவாட் சுமையை 0.75-லிருந்து 0.95-க்கு ஏற்ற 11 கே.வி.ஏ.ஆர். கண்டென்சர் பேங்க். ஒரேயடியாக மாட்டி 24 மணி நேரமும் விட்டுவிடாதீர்கள். ராத்திரி மெஷின் எல்லாம் நின்றபின் அது மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருக்கும், வோல்ட்டும் ஏறும். படிப்படியாகச் சேர்க்கும் ரெகுலேட்டரோடு வாங்குங்கள், அல்லது பெரிய மோட்டாரை இயக்கி அணைக்கும் கான்டாக்டருக்குப் பின்னால் கட்டுங்கள், மோட்டாரோடு சேர்ந்து அணையும்.

காற்றுக் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு: மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் கருவியையும் நிறுத்திவிட்டு மெயின் வால்வைத் திறந்தே வையுங்கள். கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பிடியுங்கள். 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் நின்றால், 2-ஐ 8-ஆல் வகுக்க 25 விழுக்காடு கசிவு. யாரும் வேலை செய்யாமலே நாலில் ஒரு பங்கு காற்று போகிறது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு குவிக் கப்ளிங், ஹோஸ் கிளிப், தண்ணீர் வடிக்கும் வால்வு, இந்த மூன்றிலும் தடவுங்கள், பெரும்பாலும் அங்கேயே குமிழி வரும். டயர் வேலைக்கு 8 பார் போதும் என்றால் 10-ல் வைக்காதீர்கள். ஒரு பாருக்கு 6, 7 விழுக்காடு.

#17 இலைக்கடை
சாப்பாட்டுக் கடைக்கும் யாராவது சொல்லுங்கள். யூனிட்டுக்கு 50 சென்னுக்கு மேல் வருகிறது, மாதம் 20 வெள்ளி சில்லறைக் கட்டணம் வேறு. கண்ணாடிக் கதவு சில்லர் ரெண்டு, படுத்த ஃப்ரீசர் ஒன்று, கறிகளைச் சூடாக வைக்கும் தண்ணீர்த் தொட்டி மேசை, புகைபோக்கிக் காத்தாடி, கிரைண்டர்.

#18 ஏர்கோன்_ராசா
அண்ணே, கிரைண்டரை விட்டுடுங்க, மாவு அரைக்கறதுல ஒண்ணும் போகாது. சில்லர் கண்டென்சரைப் பாருங்க (மாமா சொன்ன கண்டென்சர் இல்ல, இது சூட்டை வெளியேத்தற குழாய்க் கூடு). கீழ கிரில்லைக் கழட்டினா எண்ணெயும் மாவுத் தூசியும் சேந்து கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். பவர் அணைச்சு, ரேக்கு (மெல்லிய தகடு) நீளத்துக்கே பிரஷ்ஷால நேரா தேயுங்க, குறுக்கத் தேச்சா ரேக்கு மடங்கி அடைச்சுக்கும். மாசம் ஒருக்கா. அடுப்புக்கு முதுகு காட்டி வச்ச சில்லரை முதல்ல நகத்துங்க.

கதவு ரப்பருக்கு நோட்டு சோதனை: ஒரு வெள்ளி நோட்டைக் கதவுல வச்சு மூடி இழுங்க. வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல ரப்பர் செத்துப்போச்சு. வெந்நீர்த் துணியால ஒத்தி நீவிவிட்டா சில சமயம் நிமிரும், கிழிஞ்சிருந்தா மாத்தணும். வீட்டு ஐஸ்பெட்டிக்கும் இதேதான். ஐஸ் கட்டுற பழைய பெட்டின்னா அரை செண்டிமீட்டர் தடிப்புக்கு மேல விடாதீங்க, கத்தி வச்சுக் குத்தவும் குத்தாதீங்க.

#19 பட்டறைக்காரன்
புகைபோக்கி மோட்டாருக்கு ஒரு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) போடுங்கள் அண்ணே, மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால். காத்தாடியின் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் கரண்டு பாதியாகிவிடும் (0.8-ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், 0.51). தோசைக்கல் முழுசாகச் சூடேறாத மதியம் மூன்று மணிக்கு அது முழு வேகத்தில் இழுப்பது, கடையில் ஏர்கோன் இருந்தால், அந்தக் குளிர்ந்த காற்றைத்தான்.

கறி மேசை: மூடி போடுங்கள். தண்ணீர் கம்பிக்கு மேல் ரெண்டு விரல் நின்றால் போதும். திறந்த தண்ணீர் ஆவியாகப் போவதில்தான் அந்த மேசை இழுக்கும் கரண்டின் பெரும் பகுதி போகிறது.

#20 பழைய_ரப்பர்
டியூப் லைட் பற்றி யாரும் பேசவில்லையே. எல்.இ.டி. டியூப் வாங்கி மாட்டினால் போதும் என்கிறான் கடைக்காரன், அப்படியே பழைய சட்டத்தில் செருகலாமா?

#21 வயர்மேன்_மாமா
ஐயா, நிறுத்தி நிதானமாச் செய்யற வேலை இது. பழைய 36 வாட் டியூப் இரும்புச் சோக்கோட சேந்து 45 வாட் இழுக்கும், எல்.இ.டி. 18. டியூப்புக்கு 27 வாட் மிச்சம். ஆறு டியூப், நாளைக்கு அஞ்சு மணி நேரம்னா மாசம் 24 யூனிட்.

எல்.இ.டி. டியூப்புல ரெண்டு ஜாதி. ஒண்ணுல லைவும் நியூட்ரலும் ரெண்டு முனையில தனித்தனியா போகும். இன்னொண்ணுல ரெண்டும் ஒரே முனையில. டியூப் ஓரத்துல படம் போட்டிருக்கும், பாக்காம மாட்டாதீங்க.

ரெண்டு முனை ஜாதிக்கு: எம்.சி.பி. இறக்கு. ஸ்டார்ட்டரைக் கழட்டு. சோக்குல போற வயரையும் வர்ற வயரையும் வெட்டி ஒண்ணா கனெக்டர்ல சேரு. முடிஞ்சது. ஸ்டார்ட்டரை மட்டும் கழட்டிட்டு சோக்கை விட்டுவச்சாலும் எரியும், ஆனா சோக்கு ரெண்டு வாட் போல தின்னும், ரீங்காரமும் போகாது. எலக்ட்ரானிக் சோக்குன்னா கட்டாயம் எடுத்திடணும்.

ஒரே முனை ஜாதிக்கு: அந்த முனை ஹோல்டர்ல ஒரு பின்னுக்கு லைவ், இன்னொண்ணுக்கு நியூட்ரல். எதிர் முனையில வயரே வேண்டாம். சட்டத்துல மார்க்கர்ல "எல்.இ.டி. மட்டும், இந்தப் பக்கம்"னு எழுதிடுங்க. நாளைக்கு வேற யாராவது வேற ஜாதி டியூப்பை அதுல மாட்டினா ஷார்ட் ஆகி ஹோல்டர் கருகும்.

சுவிட்ச் அணைச்ச பிறகும் மங்கலா எரியுதுன்னு புகார் வரும். சுவிட்ச் நியூட்ரல் பக்கம் மாட்டியிருக்கு, இல்லன்னா சுவிட்சுல குட்டி நியான் விளக்கு இருக்கு. முதல் காரணம்னா ஆபத்து, அணைச்ச விளக்குலயும் லைவ் நிக்குது. பழைய லயத்து வீடுகளைப் பிரிச்சுக் கட்டினதுல இது சகஜம். சுருஹான்ஜாயா தெனாகாவுல (எரிசக்தி ஆணையத்துல) பதிஞ்ச வயர்மேனைக் கூப்பிட்டு மாத்துங்க.

#22 கிராணி_தம்பி
அண்ணே, "கரண்டு லீக் ஆகுது, அதனால்தான் பில் ஏறுது" என்று ஒரு ஆள் முழு வீட்டுக்கும் வயர் மாற்றச் சொல்கிறார். உண்மையா?

#23 வயர்மேன்_மாமா
இ.எல்.சி.பி. (கசிவு வந்தா வெட்டுற சுவிட்ச்) ஒழுங்கா வேலை செஞ்சா, 100 மில்லி ஆம்பியர்ல அது விழுந்திடும். விழாம அதிகபட்சமா கசியறதுன்னா 230 வோல்ட்டுக்கு 23 வாட். மாசம் முழுக்கக் கசிஞ்சாலும் 17 யூனிட். 640 அதால வராது. டெஸ்ட் பொத்தான் அமுக்கியும் விழலைன்னாதான், இல்ல யாராவது அதை நேரடியா கட்டிவச்சிருந்தாதான் பயம். அப்பவும் முதல் பயம் உயிருக்கு, பில்லுக்கு இல்ல. வயர் மாத்தறதுக்கு முன்னாடி இன்சுலேஷன் டெஸ்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. மெகர் (அந்த டெஸ்ட் எடுக்கற மீட்டர்) கொண்டுவராம வயர் மாத்தச் சொல்ற ஆளுக்கு டீ குடுத்து அனுப்பிடுங்க.

#24 பழைய_ரப்பர்
நேர அடிப்படைக் கட்டணம் என்று ஒன்று உண்டாமே? ராத்திரி துவைத்தால் மலிவாமே?

#25 லயத்து_நிலா
உண்டு ஐயா, ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் கேட்டு வாங்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், எரிசக்திக் கட்டணம் மட்டும் 28.52 சென். மற்ற நேரம், சனி ஞாயிறு, பொது விடுமுறை 24.43. சாதாரணமாக 27.03. ஆக, உச்ச நேரத்துக்கு வெளியே ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2.6 சென் லாபம், உள்ளே ஓடினால் 1.49 சென் நட்டம். ராத்திரி ஏர்கோன்தான் பெரும் செலவு என்கிற வீட்டுக்கு மாதம் சில வெள்ளி மிஞ்சும். துணி மெஷினை நம்பிப் போகாதீர்கள், பச்சைத் தண்ணீரில் ஒரு துவைப்பு 0.2 யூனிட்கூட ஆகாது, லாபம் அரை சென். முன்கதவு மெஷினில் 60 டிகிரி தட்டினால்தான் ஒரு யூனிட் பக்கம் போகும், அதைத் தட்டாமலிருப்பதே மேல்.

மதியம் வீடு கொதிக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரைக்கடியில் அலுமினியத் தாள் விரிக்கும்போது பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டி விரித்தால் அது வெறும் தகரம். பழைய கல்நார்த் தகடு என்றால் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம், தூள் நுரையீரலுக்கு எமன்.

#26 கிராணி_தம்பி
எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஏர்கோன் ரெண்டும் 94, ஹீட்டர் 45, டியூப் 24, குடுவை 20. மொத்தம் 183. 640-ல் கழித்தால் 457. டியூப் ஆறைத் தவிர எதுவும் வாங்கவில்லை.

#27 லயத்து_நிலா
457-ல் நிற்காதீர்கள்! அது 500 படி. 203.05 கழித்தல் 54.84 = 148.21. இன்னும் 11 யூனிட் இறக்கி 446 ஆக்கினால் 198.16 கழித்தல் 64.67 = 133.49. வித்தியாசம் மாதம் 14 வெள்ளி 72 சென்.

காத்தாடி 70 வாட், டி.சி. மோட்டார்க் காத்தாடி 30 வாட். நாளைக்கு 9 மணி நேரம் ஓடுவது ஒன்றை மாற்றினால் 10.8 யூனிட். ஹாலில் உள்ளதை மட்டும் மாற்றுங்கள், அறையில் உள்ளவற்றைத் தொட வேண்டாம்.

#28 வயர்மேன்_மாமா
மாத்தும்போது சுவத்துல இருக்கற அஞ்சு வேக ரெகுலேட்டரைக் கழட்டிட்டு சாதா சுவிட்ச் போடுங்க தம்பி. டி.சி. காத்தாடி ரிமோட்லதான் வேகம் மாறும். பழைய ரெகுலேட்டர் நடுவுல இருந்தா ரெண்டுல வச்சதும் உள்ள இருக்கற போர்டு விக்கும், மூணு மாசத்துல எரியும், வாரண்டியும் கிடைக்காது.

இன்னொண்ணு, அறைக் காத்தாடி ரெண்டுல எதாவது மெதுவாச் சுத்துதா? மாத்த வேண்டாம், உள்ள இருக்கற கண்டென்சர் வீக் ஆகியிருக்கும். மேல எழுதியிருக்கற மைக்ரோஃபேரட் அளவைப் பாத்து அதே அளவு வாங்குங்க, பெருசு வாங்கினா வேகமாச் சுத்தும்னு நினைக்காதீங்க, சுருள் சுட்டுடும்.

#29 கிராணி_தம்பி
அறையில் ஒன்று மெதுவாகத்தான் சுற்றுகிறது. 2 மைக்ரோஃபேரட் என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.